பபூனுக்குக் கோட்டும் ரையும்

எனக்கு வயது எழுபத்தைந்து. வளர்த்தது ஆறு பேர். “பெத்தது அஞ்சுதானே அம்மா” என்று மூத்தவன் திருத்துவான். அவனுக்குக் கணக்குத் தெரியும், கதை தெரியாது. என் தாய் போகும்போது தம்பிக்கு இரண்டு வயது, எனக்குப் பதினாலு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் அடுப்பு மூட்டப் பழகினனான். ஆகவே ஆறு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கையெழுத்து வைப்பேன், கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், மற்றதெல்லாம் காதால் கேட்டு மனத்தில் வைத்திருப்பேன். அந்த மனத்துக்கு இன்னும் கறள் பிடிக்கவில்லை.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி அபிராமி எழுதுகிறாள். கனடாவில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்தார், மலருக்குப் பயணம் பற்றி ஏதாவது தாருங்கோ என்று கேட்டார்கள். நயினாதீவுக் கோயிலையும் நெடுந்தீவுக் குதிரையையும் சொல்லுவேன் என்று நினைத்திருப்பார்கள். குதிரையை நான் பார்க்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

தம்பியின் பெயர் தில்லையம்பலம். அந்தப் பெயரில் அவனை ஒருவருக்கும் தெரியாது. பபூன் தில்லை என்றால் தீவுப்பகுதி முழுக்கத் தெரியும். நாடகத்தில் ராசா அழுதுகொண்டு நிற்கும்போது பக்கத் திரையை விலக்கி வந்து சனத்தைச் சிரிக்க வைக்கிற ஆள்தான் பபூன். தில்லை வந்தால் ராசாவும் அழுகையை மறந்து சிரித்துவிடுவான். அவனைப் பார்க்க நெடுந்தீவிலிருந்து வள்ளம் பிடித்து வருவார்கள். பார்த்துவிட்டுப் போகும்போது கூத்தாடிப் பயல் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கோயில் மேடையில் ஏற்றுவார்கள், பந்தியில் இருத்தமாட்டார்கள்.

நானும் அந்தச் சனந்தான். நாங்கள் வேலணையில் சைவக் குடும்பம், என் மனிசன் தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்தவர். தில்லை போய், ஊர்காவற்றுறைக் கரையில் கடலுக்குப் போகிற வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருத்தியோடு குடியிருந்தான். அன்றிலிருந்து அவளுடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. என் மூத்த மகளின் கலியாணத்துக்கு இருவரும் வந்தார்கள். பின்பக்கம், சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில் பாய் போட்டுச் சாப்பாடு கொடுத்தேன். அவன் சாப்பிட்டான். அவள், “பிறகு சாப்பிடுவன்” என்றாள். சாப்பிடவில்லை. அது நடந்து இருபத்தைந்து வருஷம்.

சாகிறதுக்கு ஒரு மாதத்துக்கு முன் அவன் ஊர்காவற்றுறையில் ஒரு கொமினிக்கேசன் கடையிலிருந்து கனடாவில் இருக்கிற எனக்கு ரெலிபோன் எடுத்தான்.

“அக்கா, நான் கெதியிலை செத்துப்போவன். செத்தாப் பிறகு நல்ல மனிசனாகிப்போடுவன். ஒருத்தர் சொல்லுறதையும் நம்பிப்போடாதை.”

“விசர்க் கதை கதையாதை” என்றேன்.

“பிலோமினாவை மட்டும் விட்டிடாதை. என்னைத் தூக்கிற கையள் அவளைத் தள்ளிவிடும்.”

“சரி, பாப்பம்.”

அவன் சிரித்தான். எங்கள் சனம் பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவனுக்குத் தெரியும்.

சொன்னபடியே போய்விட்டான். அதற்கு ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம் ஒரு கடிதம் வந்தது. நினைவு மன்றம் ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். “நகைச்சுவைச் சக்கரவர்த்தி, அமரர் தில்லையம்பலம் அவர்களின்” ஆட்டைத் திவசத்துக்கு விழாவாம். மூத்த அக்கா வந்து விளக்கேற்ற வேண்டுமாம். அபிராமி வாசித்து முடித்ததும், “இது ஆரைப் பற்றி?” என்று கேட்டேன். பகிடிக்கு இல்லை, உண்மையாகவே விளங்கவில்லை.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது. நானும் அபிராமியும் வெளிக்கிட்டோம்.

முதல் நாள் பண்ணைப் பாலத்தில் நாங்கள் வந்த வான் வண்டியின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. இரண்டு பக்கமும் கணுக்கால் ஆழக் கடல், நடுவில் நாங்கள். வான்காரர் பின்கதவைத் திறந்து தேடு தேடென்று தேடினார். மாற்றுச் சில்லு இருந்தது, தூக்குகிற ஜக்கு இல்லை. கனடாவில் என்றால் ஒரு நம்பருக்கு அடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் குளிரில் நிற்க வேண்டும். இங்கே வேலணை பஸ் வந்து நின்றது. சனம் தானாக இறங்கி வானைத் தூக்கியது. தூக்கிக்கொண்டே ஒருவர் கேட்டார்:

“ஆரின்ரை வீட்டுக்கு வாறியள்?”

“தில்லையின்ரை அக்கா. விழாவுக்கு வந்தனான்.”

“பபூன் தில்லையரின்ரை அக்காவோ!”

தூக்கியவர்கள் இன்னும் ஒரு சாண் உயர்த்தினார்கள். வான்காரர், “காணும் அண்ணை, காணும், கவிழப்போகுது” என்று கத்தினார். கவனித்தேன்: உயிரோடு இருந்தபோது தில்லை, இப்போது தில்லையர்.

மன்றத் தலைவர் வீட்டில் தங்கினோம். எங்கள் வீட்டில் சுவர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒரு வேம்பு குடியிருக்கிறது. தலைவர் ஓய்வு பெற்ற தலைமை வாத்தியார். ஒரு காலத்தில் தில்லையின் நாடகம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, ஊருக்குள் விடக்கூடாது என்று வாசிகசாலைக் கூட்டத்தில் எழும்பி நின்று கதைத்தவர். அவருடைய மனைவி குழல் பிட்டும் விளைமீன் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் தந்தா. அந்தக் குழம்புக்காக நான் அவருடைய பழைய கதையைக் கொஞ்சம் மறந்தேன்.

இரண்டாம் நாள் காலை அவர் எங்களை வாசிகசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு படம், வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. துணியை இழுத்தார். கறுப்புக் கோட்டும், கழுத்தில் சிவப்பு ரையும் கட்டிக்கொண்டு ஒரு மனிசன் எங்களை முறைத்தான்.

“இது ஆர்?”

“என்ன அக்கா, உங்கடை தம்பிதானே!”

முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மூக்கு அவன்ரைதான்.

“இவன் சேட்டுப் போட்டதையே நான் நாலு தரந்தான் கண்டனான்.”

“ஒரு கம்பீரம் வேணும்தானே அக்கா. கோட்டு ஸ்ரூடியோவிலை சொல்லிப் படத்துக்கு மேலை கீறுவிச்சது.”

வாயையும் இறுக்க மூட வைத்திருந்தார்கள். தில்லை வாயை மூடினதை நான் அவன் நித்திரையிலும் கண்டதில்லை. பிறகுதான் தோளைப் பார்த்தேன். வலது தோளில், கோட்டுக்கு மேல், நாலு விரல் கிடந்தது. கையில்லை, ஆளில்லை, விரல் மட்டும். அதில் சின்ன விரல் வளைந்திருந்தது.

“உது என்ன?”

“அது கோட்டின்ரை மடிப்பு.”

“மடிப்புக்கு நகம் இருக்கு, அப்பம்மா” என்றாள் அபிராமி.

தலைவர் அவசரமாகத் துணியை இழுத்து மூடினார். அடுத்ததாகக் கல்வெட்டை எடுத்துத் தந்தார்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்துக் கல்வெட்டு கல்லில் வெட்டுவதில்லை, கடதாசிதான். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாளுக்கு ஒரு புத்தகம் அடித்து வருகிறவர்களுக்குக் கொடுப்போம். செத்தவரின் வரலாறு, மனைவி மக்கள் பெயர், புகழ்ந்து பாட்டு எல்லாம் அதில் இருக்கும். தில்லையின் முப்பத்தோராம் நாளுக்கு ஒருவரும் ஒன்றும் அடிக்கவில்லை. இப்போது வழுவழுப்பான தாளில் அடித்திருந்தார்கள்.

அபிராமி வாசித்தாள். கனடாவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தடக்கித் தடக்கி வாசிப்பாள், ஆனால் விடமாட்டாள். “இல்லறம் நாடாது, கலையையே மனைவியாகக் கொண்டு வாழ்ந்த...”

“நிப்பாட்டு. மனைவி ஆரெண்டு போட்டிருக்கு?”

“கலை” என்றாள்.

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, நாலு பெரிய மனிசர் வருவினம். உந்தக் கதையள் மேடைக்கு வேண்டாம். கோயில்லை தாலி கட்டேல்லை, சேர்ச்சிலை பதிவுமில்லை. எப்பிடி எழுதுறது? உங்கடை குடும்ப மானமும் ஒண்டு இருக்குத்தானே.”

குடும்ப மானம். அது நான் இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இதே ஊரில் சொன்ன சொல். கடன் கொடுத்த சட்டியைக் கழுவித் திருப்பித் தருவதுபோல் தலைவர் அதை என் கையில் வைத்தார். அபிராமி அடுத்த பக்கத்தைப் பிரித்துப் பாட்டை வாசித்தாள்.

“கள்ளெதையும் தொட்டறியான் கடும்சொல்லும் சொல்லறியான்...”

அவள் அடுத்த வரியை எழுத்துக்கூட்டுவதற்கு முன் என் வாய் தானாகச் சொன்னது: “உள்ளதெல்லாம் ஊர்க்களித்தான் உறவெல்லாம் தழுவிநின்றான்.”

தலைவர் ஆச்சரியப்பட்டுப்போனார். “அக்காவுக்கு இது முதலே தெரியுமோ?”

தெரியாமல்? இது என் மனிசனின் கல்வெட்டுப் பாட்டு. அவர் போய்ப் பதினாறு வருஷம். எனக்குப் பாட்டெல்லாம் வாசிக்க ஏலாது என்றபடியால் ஒவ்வொரு திவசத்துக்கும் பிள்ளைகளில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிவிட்டது. எங்கள் தீவுக்குக் கல்வெட்டுப் பாடுகிறவர் ஒரே பண்டிதர்தான். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டுப் பழைய பாட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார். ஒரு வரியை மாற்ற மறந்துபோனார்.

“காலிநகர்க் கடைவீதி கண்ணீரில் மூழ்கிடவே
கோலமுகம் மறைத்தெங்கே கொண்டுசென்றாய் ஐயாவே.”

“தில்லைக்கும் காலிக்கும் என்ன?” என்று கேட்டேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது ஒரு உருவகம் அக்கா. கலைஞன் எண்டா எல்லா ஊருக்கும் சொந்தம்.”

நான் சரி என்று தலையாட்டினேன். சில சாமான்களைக் கண்ட உடனே எடுத்துப் பாவிக்கக் கூடாது. மடியில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அனலைதீவுக்குப் போனோம். தில்லை கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தவன். ஊர்காவற்றுறைத் துறையில் ஒரு கடற்படைப் பொடியன் கொப்பியோடு இருந்தான். போகிற எல்லாருடைய பெயரும் எழுத வேண்டும்.

“யார் பாக்கப் போறது?” அரைத் தமிழில் கேட்டான்.

“பிலோமினா.” முதல் தரமாகச் சொன்னேன். நாக்கு உடையவில்லை.

“என்ன உறவு?”

எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். “தெரிஞ்ச ஆள்” என்றேன். அபிராமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

மோட்டர் வள்ளத்தில் இரண்டு ஆடு, சீமெந்து மூட்டை, ஒரு கோழிக் கூடை, மிச்சத்துக்குச் சனம். கனடாவில் இப்படி ஏற்றினால் பேப்பரில் வரும். வள்ளம் வெளிக்கிட்டதும் அபிராமி வயிற்றைப் பிரட்டுகிறது என்று குனிந்தாள். கோழிக் கூடைக்காரி மடியிலிருந்து ஒரு தேசிக்காய், எலுமிச்சைதான், எடுத்து மூக்கடியில் பிடித்து, “மணந்துகொண்டு இரு பிள்ளை” என்று கொடுத்தா. பிறகு கதை விழாவுக்குத் திரும்பியது. நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

“தில்லையர் அனலைதீவாரல்லோ. நாங்களெல்லோ விழா எடுத்திருக்கோணும்” என்றார் குடை வைத்திருந்த ஒருவர்.

“ஆர் சொன்னது? நயினாதீவிலை, எங்கடை மாமா வீட்டிலையெல்லோ பிறந்தவர்” என்றா கோழிக்காரி.

அவன் பிறந்தபோது வேலணையில் வெந்நீர்ச் சட்டி தூக்கிக்கொண்டு நின்ற நான் ஆட்டைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

“அவர் ஒரு சொட்டுக் குடிச்சதை நான் காணேல்லை” என்றார் குடைக்காரர்.

“நீ எப்பிடியடா காணுவாய்? அவருக்கு முதல் நீ விழுந்து கிடப்பாய்” என்றார் வள்ளம் ஓட்டினவர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆடு மட்டும் சிரிக்கவில்லை.

“கடைசி நேரம் வருத்தமாக் கிடந்தவராம். போய்ப் பாத்தனீங்களோ?” கோழிக்காரி கேட்டா.

“போகத்தான் நினைச்சனான்.”

“நானும் நினைச்சனான்.”

“நானும்தான்.”

ஒரு வள்ளம் நிறைய நினைத்தவர்கள். கனடாவிலிருந்து நினைத்தவள் ஒருத்தி வள்ளத்தின் முன்னுக்கு, அணியப் பக்கம் இருந்தாள்.

பிலோமினாவின் வீடு கரையோடு ஒட்டி ஓலையால் மேய்ந்தது. அவ குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டு எழும்பிக் கையைக் கழுவினா. அழவுமில்லை, ஓடி வரவுமில்லை.

“வாங்கோ அம்மா.”

வீட்டில் ஒரு கதிரைதான் இருந்தது. அதைச் சீலைத் தலைப்பால் துடைத்து என்னை இருத்தினா. பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி முடித்திருந்தா. நண்டு, றால், பயிற்றங்காய் எல்லாம் போட்டு மிளகாய் ஏறின கூழ். ஊற்றித் தரும்போது அவவுடைய வலது கையைக் கண்டேன். சின்ன விரல் வளைந்திருந்தது.

“விரலுக்கு என்ன?”

“சின்னனிலை வலைக்கயிறு இறுக்கினது அம்மா.”

மிளகாய் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

“தில்லையும் நீரும் எடுத்த படம் ஏதும் இருந்ததோ?”

“ஒண்டு இருந்தது. மாதா கோயில் திருநாளிலை எடுத்தது. அவர் கதிரையிலை இருந்தவர், நான் பக்கத்திலை நிண்டனான். மன்றத்தாக்கள் வந்து பெரிசாக்கித் தாறம் எண்டு கொண்டுபோச்சினம். அவற்றை தொப்பி, சலங்கை எல்லாம் கொண்டுபோச்சினம். கண்ணாடி அலுமாரியிலை வைக்கவாம். அதுகள் இருக்கட்டும். படத்தைத் தந்தாக் காணும்.”

“படத்திலை கையை எங்கை வச்சிருந்தனீர்?”

“அவற்றை தோளிலை.” அவ என் கதிரையின் சட்டத்தில் கையை வைத்துக் காட்டினா. நாலு விரல்.

“நீர் சாப்பிடேல்லையோ?” என்று கேட்டேன், வேறு கதை வராமல்.

“பிறகு சாப்பிடுவன் அம்மா.”

அதே குரல், அதே சொல், என் வீட்டுக் குசினிப் பக்கம் கேட்டது.

“நாளைக்கு விழாவுக்கு வாரும்.”

“என்னை ஆர் கூப்பிட்டது?”

“நான் கூப்பிடுறன்.”

“நீங்கள் எனக்கு ஆரெண்டு சொல்லிக்கொண்டு நான் வாறது அம்மா?”

கோபமாகக் கேட்கவில்லை. மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டு, விலை கேட்கிற மாதிரிக் கேட்டா. தம்பியின் மனைவிக்கு மச்சாள் என்று ஒரு சொல் இருக்கிறது. ஏழு பெரிய கடல் தாண்டி வந்த எனக்கு அந்த ஒரு சொல்லைத் தாண்ட ஏலவில்லை. “வள்ளம் வெளிக்கிடப்போகுது” என்று எழும்பிவிட்டேன்.

திரும்பும்போது அபிராமி கேட்டாள்: “அப்பம்மா, பயந்திட்டீங்களா?” கனடாப் பிள்ளைகள் கேட்கக்கூடாததைத்தான் கேட்கும். தேசிக்காயை மணக்கச் சொன்னேன்.

நாலாம் நாள் பின்னேரம் விழா. வாசிகசாலை நிறைந்து வெளியிலும் சனம். ஒவ்வொருவராக எழும்பிப் பேசினார்கள். தில்லையின் திறமையை முதன்முதல் கண்டுபிடித்தவர்கள் ஐந்து பேர் என்று அன்றுதான் அறிந்தேன். ஒருவர் அவனை ஞானி என்றார். ஒருவர் அவனுடைய சிரிப்புக்குள் தத்துவம் இருந்தது என்றார். ஒருவர் அழுதார். இரண்டு மணித்தியாலம் போயிற்று, ஒரு சிரிப்பில்லை. பபூனுக்கு எடுத்த விழாவில் ஒரு மனிசர் சிரிக்கவில்லை. மேடையில் கோட்டுப் போட்டவன் எல்லாரையும் முறைத்துக்கொண்டு நின்றான்.

ஜன்னலால் பார்த்தேன். வெளியே வேப்பமரத்தடியில், சைக்கிள்கள் சாத்தியிருந்த இடத்தில், வெள்ளைச் சீலையோடு பிலோமினா நின்றா. கூப்பிட ஆளில்லாமல் தானாக வந்திருந்தா. அந்த வெயிலில்.

ஒரு பிள்ளை வயலினோடு கல்வெட்டுப் பாட்டைத் தொடங்கினாள். “கள்ளெதையும் தொட்டறியான்” என்று இழுத்தாள். தலைவர் என் பக்கம் குனிந்து, “பாட்டு முடிய நீங்கள் ரண்டு வார்த்தை சொல்லுங்கோ அக்கா” என்றார். நான் பாட்டு முடியும் வரை நிற்கவில்லை. எழும்பிப் போய் மைக்கைப் பிடித்து மிச்ச வரிகளை நானே சொன்னேன். காலி நகர் வரைக்கும், ஐயாவே வரைக்கும். கையில் தாளில்லை. சனம் வாயைப் பிளந்தது.

“இது என்ரை மனிசனுக்குப் பாடினது” என்றேன். “பதினாறு வருஷமா என்னட்டை இருக்கு. அவர்தான் காலியிலை கடை வச்சிருந்தவர். கள்ளுத் தொடமாட்டார், அது உண்மை. அவருக்குப் போத்தில் பிறண்டிதான்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

“என்ரை தம்பி கள்ளைத் தொட்டவன். தொட்டுப்போட்டு விட்டவனுமில்லை. காலியை இலங்கை மாப்பிலையும் கண்டதில்லை. கடும்சொல் சொல்லமாட்டானாம். இஞ்சை இருக்கிற ஆரை அவன் மேடையிலை வச்சுப் பேசாமல் விட்டவன்? கையைத் தூக்குங்கோ பாப்பம்.”

ஒரு கையும் எழும்பவில்லை. சிரிப்புத்தான் எழும்பியது. குடைக்காரர் குடையால் நிலத்தில் தட்டிச் சிரித்தார்.

“கோட்டைக் கீறினது சரி. செத்தவனுக்குக் குளிராமல் இருக்கட்டும். உந்தத் தோளிலை கிடக்கிற நாலு விரலும் ஆரின்ரை? தலைவர் கோட்டு மடிப்பெண்டார். மடிப்பு எங்கையாவது வளைஞ்ச விரலோடை இருக்குமோ?”

சனம் எல்லாம் படத்தைப் பார்த்தது. அப்போதுதான் எல்லாருக்கும் விரல் தெரிந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

“அது என்ரை மச்சாளின்ரை கை” என்றேன். வந்துவிட்டது. “பேர் பிலோமினா. நீங்கள் கூத்தாடியெண்டு கலைச்ச ஆளுக்கு இருபத்தைஞ்சு வருஷம் சோறு போட்ட கை. அந்தக் கைக்கு நான் பந்தியிலை இலை போடேல்லை. நீங்கள் படத்திலையிருந்து வெட்டினியள். முதல் வெட்டினது நான், பிறகு வெட்டினது நீங்கள். அதாலை ஒருத்தரை ஒருத்தர் முறைக்கத் தேவையில்லை. அவ வேம்புக்குக் கீழை நிக்கிறா. ஒரு கதிரை குடுங்கோ.”

எங்கள் சனத்தைச் சும்மா சொல்லக்கூடாது. திரும்புவதென்றால் சுணங்கமாட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன் அவவைக் கண்டும் காணாமல் உள்ளே வந்தவர்கள் ஆறு பேர் கதிரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். “நான் அப்பவே சொன்னனான்” என்று கோழிக்காரி யாருக்கோ சொன்னா. அவவை மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தலைவர், பாவம், கெட்டிக்காரர், படத்துக்கென்று வைத்திருந்த மாலையைத் தூக்கி அவவின் கழுத்துப் பக்கம் கொண்டுபோனார்.

பிலோமினா ஒரு அடி பின்னால் போனா. “உதை அங்கை படத்துக்குப் போடுங்கோ” என்றா. “நான் இன்னும் சாகேல்லை.”

வாசிகசாலைக் கூரை பறந்திருக்க வேண்டும். அவ்வளவு சிரிப்பு. தில்லை இருந்தபோது அவனுக்குக் கிடைத்த சிரிப்பு அப்படித்தான் இருக்கும்.

முடிந்த பிறகு தலைவரிடம் கேட்டேன், கல்வெட்டைத் திருத்தி அடிப்பீர்களோ என்று.

“அடுத்த பதிப்பிலை பாப்பம் அக்கா.”

எனக்கு அந்தச் சொல் தெரியும். வெட்டின பாதிப் படம் எங்கே என்று கேட்டேன். ஸ்ரூடியோவில் எறிந்திருப்பார்களாம். “அப்ப இதைத் தாங்கோ” என்று கோட்டுப் போட்டவனையே கழற்றுவித்தேன்.

ஐந்தாம் நாள் ஊர்காவற்றுறைத் துறைக்கு நானும் அபிராமியும் பிலோமினாவும், ஆள் உயரப் படமும் போனோம். ஓட்டோவில் படம் உள்ளே இருந்தது, அபிராமி பாதி வெளியே இருந்தாள். அதே கடற்படைப் பொடியன் கொப்பியைத் திறந்தான்.

“இது யார்? மந்திரியா?” என்று படத்தைக் காட்டினான்.

“பபூன்” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அபிராமி மூக்கைப் பிடித்துக் கண்ணைச் சுழற்றிக் காட்டினாள். அவனும் சிரித்தான்.

“யார் பாக்கப் போறது? என்ன உறவு?”

“மச்சாள். இவதான். நான் இவவின்ரை வீட்டை போறன்.”

அவன் எழுதினான். சிங்களத்தில் எழுதினான். எனக்கு எந்தப் பாஷையிலும் சரியாக வாசிக்க ஏலாதுதானே, எழுதினால் காணும்.

வீட்டில் படத்தைச் சாத்திவிட்டுப் பிலோமினா முதல் தரமாக முழு ஆளையும் நின்று பார்த்தா. “ஆர் உந்தப் பிரக்கிராசி, வழக்குப் பேச வந்தவரோ?” என்றா. கோட்டைப் பார்த்துச் சிரித்தா. தோளைப் பார்த்ததும் சிரிப்பை விட்டா. கையைக் கொண்டுபோய் அந்த நாலு விரலுக்கு மேல் வைத்தா. படத்துக் கை வாலிபம், இந்தக் கை கிழடு. வளைவு மட்டும் அதே அச்சு.

பிறகு குசினிக்குள் போய் மூன்று கோப்பையில் சோறும் மீன் சொதியும் போட்டுக்கொண்டு வந்து நிலத்தில் வைத்தா. நான் கதிரையில் இருக்கவில்லை. அபிராமி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவ நடுவில் இருந்தா. முதல் கவளத்தை அவ தன் வாயில் வைத்ததை நான் கண்ணால் கண்டேன்.

“சாப்பிடுங்கோ மச்சாள், ஆறப்போகுது” என்றா.

நாங்கள் கனடா வந்த பிறகு தலைவருக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று. அடுத்த பதிப்பு வரவில்லை. வராது. ஆகவே சங்கத்தார் குறை நினைக்க வேண்டாம், குதிரை இல்லாத இந்தக் கட்டுரைதான் அவனுடைய கல்வெட்டு. தில்லையம்பலம், தீவுப்பகுதியின் பபூன், குடித்தான், பேசினான், சிரிக்க வைத்தான். மனைவி பிலோமினா. அக்கா நான், அவனை வளர்த்ததும் நான், பந்தியில் இருத்தாததும் நான்.

அபி, பிலோமினா என்ற பெயரைத் தடித்த எழுத்தில் போட்டனியோ? சரி, இனி முதலிலிருந்து வாசி, கேப்பம். எங்கையாவது அவனுக்கோ எனக்கோ நான் கோட்டும் ரையும் போட்டிருந்தா நிப்பாட்டிச் சொல்லு, கழட்டுவம்.